இலை போடும் நாடு

கடற்கரையிலிருந்து மேட்டு நிலம் வரை ஒரே ஒரு சாலை. அந்தச் சாலையின் மேல் ஐந்து நாடுகள் இருந்தன. துறைநாடு, வயல்நாடு, ஓடைநாடு, குன்றநாடு, மேட்டுநாடு. பெயர்களில் கற்பனை குறைவு என்று தோன்றலாம். வைத்தவர்கள் வணிகர்கள். தங்கள் கற்பனையை அவர்கள் சரக்கின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்காகச் சேமித்து வைத்திருந்தார்கள்.

ஐந்து நாடுகளும் சேர்ந்து ஒரு கூட்டு அமைத்துக்கொண்டன. ஒரு நாட்டு உப்பு இன்னொரு நாட்டு வழியே தடையில்லாமல் போகலாம். ஒரு நாட்டு வண்டியை இன்னொரு நாடு மறிக்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு, ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தால் எது நடக்குமோ அது நடந்தது. நம்மில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. திருமேனியார் கிடைத்தார்.

திருமேனியார் துறைநாட்டுக்காரர். ஆனால் துறைநாட்டை ஒருமுறைகூட முதலிடத்தில் வைத்ததில்லை. அதனால் உறவினர்கள் கல்யாணங்களுக்கு அவரை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் நேர்மையானவர் என்பதற்கு மற்ற நாடுகள் இதையே சான்றாக எடுத்துக்கொண்டன.

அவர் அளந்த விதம் இது. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பெரிய பானையில் தண்ணீர். அதில், அடியில் துளையிட்ட, வட்டில் என்னும் செம்புக் கிண்ணம் மிதக்கும். தண்ணீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. ஒரு வண்டி எந்த நாழிகையில் ஒரு நாட்டுக்குள் நுழைந்தது, எந்த நாழிகையில் வெளியேறியது என்று அவருடைய ஆட்கள் குறித்துக்கொள்வார்கள். அடுத்த எல்லையில் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பெரிய நாடு, சிறிய நாடு என்ற குறை வராமல் சாலையின் நீளத்தால் வகுப்பார். மலைக்குச் சலுகை தருவார். மழைக்குச் சலுகை தருவார். அவருடைய கணக்கில் யாரும் ஒரு பிழை கண்டதில்லை. பிழை காண முயன்றவர்கள் நாலைந்து பேர் நல்ல கணக்கர்களாகி ஊர் திரும்பினார்கள்.

அறுவடை முடிந்ததும் மேட்டுநாட்டில் கூட்டம் நடக்கும். திருமேனியார் எழுந்து நின்று வரிசையைச் சொல்வார். பிறகு விருந்து. முதலிடம் பெற்ற நாட்டின் தூதருக்கு முதல் இலை, திருமேனியாருக்குப் பக்கத்தில். மற்றவர்கள் வரிசைப்படி. கடைசி இடம் பெற்ற நாட்டின் தூதர் உட்காரக் கூடாது. அவர்தான் எல்லோருக்கும் இலை போட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பந்தியின் கோடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இது விளையாட்டாக ஆரம்பித்தது. யார் ஆரம்பித்தார்கள் என்பது மறந்துபோனதும் சட்டமாகிவிட்டது.

இலை போடும் நாடு எப்போதும் ஓடைநாடுதான்.

ஓடைநாட்டுக்கு அப்பால் மலை ஏற்றம் தொடங்குகிறது. அந்த எல்லையில் ஒரு மரக்கதவு. சமவெளியைக் கடந்து வரும் வண்டிகளை அங்கே நிறுத்தி நுகத்தை இறக்குவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், சோளத்தட்டை போடுவார்கள். பிறகு காவல்காரர் மாட்டுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாடு தானாகப் படுத்து அசைபோட ஆரம்பித்தால்தான் கதவு திறக்கும். சில மாடுகள் வந்ததுமே படுத்துவிடும். சில மாடுகள் மறுநாள் உச்சி வெயில் வரை நின்றுகொண்டே இருக்கும். வண்டிக்காரர்கள் திட்டுவார்கள், கெஞ்சுவார்கள். காவல்காரர் மாட்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால், "எங்கள் ஊர் வழக்கம்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

ஓடைநாட்டின் தூதர் பெயர் சாத்தப்பன். பெரிய உடம்பு, சின்னக் குரல். இலைக்கட்டைத் தோளில் சாத்திக்கொண்டு பந்தியில் வருவார். ஒவ்வொரு இலையையும் துண்டால் துடைத்து, தண்ணீர் தெளித்து, நுனி இடப்பக்கம் வரும்படி திருப்பி வைப்பார். நேரமாகும்.

"இலை போடுவதிலும் உங்கள் நாடு கடைசிதானா?" என்பார் மலைக்கொழுந்து. அவர் குன்றநாட்டின் தூதர். பெரும்பாலும் முதல் இலை அவருடையது.

"கடைசிக்கு நாங்கள் பழகிவிட்டோம் அண்ணாச்சி. புதிதாக ஒருவர் வந்தால் கெடுத்துவிடுவார்" என்பார் சாத்தப்பன்.

எல்லோரும் சிரிப்பார்கள். திருமேனியாரும் சிரிப்பார். ஐந்து நாடுகளிலும் அவருக்குப் பிடித்த மனிதர் சாத்தப்பன்தான். வரிசைக்கும் பிரியத்துக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் கவனமாக இருந்தார்.

ஓர் ஆண்டு, விருந்து முடிந்து எல்லோரும் எழுந்துபோயிருந்தார்கள். பந்தியின் கோடியில் சாத்தப்பன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு அந்த வழியாக வந்த திருமேனியார் நின்றார்.

"என்ன ஓய், பாயசம் மிஞ்சியதா?"

"பானை மிஞ்சியது."

"ரசம்?"

"ரசம் இருக்கிறது. அது சூடாக இருந்த காலத்தை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்."

திருமேனியார் சிரித்தார். சாத்தப்பன் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"அளவைக்காரரே, ஒரு வருஷமாவது உம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆசை. பேசிக்கொண்டே, நிதானமாக. அதற்கு என்ன வழி?"

இத்தனை ஆண்டுகளில் யாரும் திருமேனியாரிடம் வழி கேட்டதில்லை. எல்லோரும் இடத்தை மட்டுமே கேட்டார்கள். அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஈரக்கையோடு நின்றபடியே யோசித்தார்.

"மாடு அசைபோடுவதற்குக் காத்திருக்கிறீர்களே, அதை விட்டுவிடும்."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான். மற்ற எதிலும் உங்கள் நாடு மோசமில்லை. பாலம் நல்ல பாலம். காவல் நல்ல காவல். அந்தக் கதவில்தான் எல்லாம் போகிறது."

"அடப் பாவமே" என்றார் சாத்தப்பன். "என் அப்பா இலை போட்டார், நான் இலை போடுகிறேன். எல்லாம் ஒரு மாட்டின் தாடைக்காகவா?"

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். திருமேனியார் விடைபெற்றுப் போனார். சாத்தப்பன் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் ஓடைநாட்டு மரக்கதவு திறந்தே கிடந்தது. வண்டிகள் வந்த வேகத்திலேயே மலை ஏறின. ஊர்க்காரர்கள் எல்லைக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலருக்குப் பெருமையாக இருந்தது. காவல்காரருக்கு மட்டும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திருமேனியார் கணக்கைப் போட்டார். ஓடைநாடு முதலிடம். இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். கூட்டத்துக்கு முன்பே ஓர் ஆள் மூலம் சாத்தப்பனுக்குச் சொல்லியனுப்பினார்: "முதல் இலை உமக்கு. என் பக்கத்தில்."

சாத்தப்பன் காத்திருக்கவில்லை. விருந்துக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார். மாடுகள் வயல்நாட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. கதவு திறந்திருந்தது. குன்றநாட்டின் செங்குத்தான வளைவில் இடப்பக்கத்து மாட்டின் முழங்கால் மடிந்தது. வண்டி பின்னால் உருண்டது.

*

திருமேனியார் மேட்டுநாட்டுக்குப் போகும் வழியில் செய்தி கிடைத்தது. அவர் உலகம்மையின் குடிலுக்குத் திரும்பினார்.

அந்தக் குடில் ஓடைநாடும் குன்றநாடும் தொடும் இடத்தில் இருந்தது. அடுப்பு ஒரு நாட்டில், கிணறு இன்னொரு நாட்டில். வரி கிடைக்காத இடம் என்பதால் இரண்டு நாடுகளும் அதற்காக வழக்காடவில்லை. உலகம்மை திருமேனியாரைவிட வயதில் மிகவும் இளையவர். அவரைக் குருவாக ஏற்பதற்குத் திருமேனியாருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஒருமுறை தயங்கித் தயங்கி வயதைக் கேட்டார். "அளப்பது நீங்கள்தானே, அளந்து சொல்லுங்கள்" என்றார் உலகம்மை. அன்றிலிருந்து திருமேனியார் அவருடைய சீடர்.

ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்துக்குப் போகும்போது அங்கே தங்கி ஒரு கேள்வி கேட்பார். சாத்தப்பனும் கூட வருவார். சாத்தப்பன் கேள்வி எதுவும் கேட்டதில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார். "உங்களைவிட அவருக்கு நான் சொன்னது நன்றாகப் புரிகிறது" என்று உலகம்மை ஒருமுறை சொன்னார்.

இந்த முறை திருமேனியார் தனியாக வந்தார். முற்றத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலை மாடு நின்றுகொண்டிருந்தது. விலாவில் சிராய்ப்பு. பச்சிலை அரைத்துப் பூசியிருந்தார்கள்.

"அவருடைய வண்டி மாடா?"

"ஆம். வலப்பக்கத்து மாடு. கயிறு அறுந்ததால் பிழைத்தது."

"அவரை?"

"நேற்று எரித்துவிட்டார்கள். மகள் வந்திருந்தாள்."

திருமேனியார் முற்றத்தில் உட்கார்ந்தார். பிறகு பேசத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

"அம்மா, இந்தப் பருவத்தில் குன்றநாட்டு வளைவில் விழுந்தது இந்த வண்டி மட்டும் இல்லை. வண்டி வண்டியாக விழுந்திருக்கிறது. ஓடைநாட்டிலிருந்து வெளியேறும்போது எல்லாம் நன்றாகத்தான் வெளியேறியிருக்கின்றன. குன்றநாட்டுக்குள் நுழைந்த பிறகுதான் விழுகின்றன. எப்போதும் முதலில் இருந்த நாடு இந்த ஆண்டு கடைசி. மற்ற நான்கு நாடுகளும் கொதித்துப்போயிருக்கின்றன. குன்றநாட்டைக் கூட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும், மலைப்பாதையை அவர்களிடமிருந்து பிடுங்கி ஓடைநாட்டிடம் கொடுக்க வேண்டும், அங்கே குடியிருப்பவர்களைக் கீழே இறக்க வேண்டும் என்கிறார்கள். என் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். ஆனால் வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சாத்தப்பனைக் கொன்றது எந்த நாடு?"

உலகம்மை மாட்டைப் பார்த்தார்.

"அது படுக்கட்டும். சொல்கிறேன்."

"எப்போது படுக்கும்?"

"எனக்குத் தெரியாது. நான் மாடு இல்லை."

காத்திருந்தார்கள். மாடு நின்றது. திருமேனியார் தட்டையை எடுத்துப்போய் அதன் முன்னால் போட்டார். மாடு முகர்ந்தது, தின்றது, நின்றது. அவர் போய்த் தரையில் கிடந்த கற்களைப் பொறுக்கினார். வைக்கோலைப் பரப்பினார். மாடு அந்த வைக்கோலையும் தின்றது.

"கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தால்?"

"விழும். படுக்காது."

வெயில் சுவரைவிட்டு இறங்கியது. திருமேனியாரின் கை, அவர் அறியாமலே, இடுப்புப் பையைத் தடவியது. எப்போதும் கொண்டுபோகும் செம்பு வட்டில் அதில் இருந்தது. உலகம்மை கையை நீட்டினார்.

"கொடுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கலாம்."

"அம்மா, அதில் ஓட்டை இருக்கிறது."

"அப்படியா? எதற்கு?"

"ஓட்டை இருந்தால்தான் அது வேலை செய்யும்."

"யாருக்கு?"

திருமேனியார் வட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிணற்றடிக்குப் போய் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கிணறு குன்றநாட்டில் இருந்தது.

மாடு குடித்து முடித்தது. வாலால் ஈயை விரட்டியது.

"இது எங்கே பிறந்த மாடு?" என்று கேட்டார் உலகம்மை.

திருமேனியார் கொம்பைப் பார்த்தார். இவ்வளவு ஆண்டு சாலையில் நின்றவருக்கு அது தெரியும். "மேட்டுநாட்டு இனம். கன்றாக இருக்கும்போதே துறைநாட்டுச் சந்தைக்கு வந்திருக்கும்."

"நுகம் பழகியது?"

"துறைநாட்டில். மணலில்தான் பழக்குவார்கள்."

"வயல்நாட்டில் என்ன தின்றிருக்கும்?"

"ஒன்றும் தின்றிருக்காது. வயல்நாடு போன ஆண்டு மூன்றாம் இடம். இரண்டாம் இடத்துக்காகச் சாலையோரத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வண்டிகள் நிற்காமல் போகட்டும் என்று." சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்தத் தொட்டிகள் எடுக்கப்பட்டதை அவர் பாராட்டியிருந்தார்.

"ஓடைநாட்டில்?"

திருமேனியார் மரக்கதவு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்தபோது, மாடு மெல்ல முன்னங்கால்களை மடித்தது. பின்பக்கம் ஒருமுறை ஆடி இறங்கியது. பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்தில் கீழிருந்து மேலாக ஓர் உருண்டை ஏறுவது தெரிந்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. கண் பாதி மூடியது.

ஆயிரக்கணக்கான மாடுகளை எல்லை கடக்கவைத்த திருமேனியார் ஒரு மாடு அசைபோடுவதை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்போது சொல்லுங்கள் அம்மா. எந்த நாடு?"

உலகம்மை மாட்டின் திமிலில் கை வைத்தார்.

"இந்தக் களைப்பு எந்த நாட்டுடையது என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த நாட்டின் பெயரையே நானும் சொல்கிறேன்."

திருமேனியார் விடிந்ததும் கிளம்பினார். கும்பிட்டுவிட்டுச் சாலையில் இறங்கினார்.

*

மேட்டுநாட்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். மலைக்கொழுந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் வெளியே மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்கள்.

"இந்த ஆண்டு வரிசை இல்லை" என்றார் திருமேனியார்.

சலசலப்பு எழுந்தது. அவர் மாட்டைப் பற்றிச் சொன்னார். மரக்கதவைப் பற்றிச் சொன்னார். வயல்நாட்டுத் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். "ஒவ்வோர் எல்லையிலும் மாடு புதிதாகப் பிறந்து வருவதாக நான் கணக்குப் போட்டுவிட்டேன்" என்றார். குன்றநாடு முதலில் இருந்ததும் ஓடைநாட்டால், கடைசிக்குப் போனதும் ஓடைநாட்டால் என்றார். ஓடைநாட்டிடம் கதவைத் திறக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னார்.

கடைசியில் வயல்நாட்டுத் தூதர் தொண்டையைச் செருமினார். கனமாக ஏதோ கேட்கப்போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்படியானால் யார் எங்கே உட்காருவது?"

அது உண்மையிலேயே ஒரு சிக்கல். சோறு வெந்துவிட்டது. குழம்பு இறக்கியாகிவிட்டது. பந்தியில் பாய் விரித்திருந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. முதலில் உட்கார்ந்தால் அகம்பாவம், கடைசியில் உட்கார்ந்தால் ஒப்புதல். ஐந்து நாடுகளின் பெரியவர்கள் சுவரோரமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருமேனியார் இலைக்கட்டை எடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டார். துடைக்க மறந்தார். நுனியை மாற்றி வைத்தார். முதல் இலையைப் போட்டபோது அதற்கு எதிரே கொஞ்சம் நின்றார். அந்த இலையில் யாரும் உட்காரவில்லை.

குன்றநாடு தப்பியது. மூட்டைகள் மறுபடி மலைக்குப் போயின. மலைக்கொழுந்து கண்ணீரோடு வந்து திருமேனியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, நன்றி மிகுந்த மனிதர்கள் செய்வது போல, கூட்டத்தின் நடுவே போய் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார்.

"பெரியவர் சொன்னது சரி. வேகத்தை அளந்தது தவறு. இனி ஓய்வை அளப்போம். எந்த நாட்டில் மாடுகள் அதிக நேரம் அசைபோடுகின்றனவோ, அந்த நாட்டுக்கே முதல் இலை."

ஐந்து நாடுகளும் கைதட்டி ஏற்றன. அதுவரை அவர்கள் எந்தத் தீர்மானத்தையும் அவ்வளவு வேகமாக நிறைவேற்றியதில்லை.

*

அடுத்த ஆண்டு திருமேனியார் கூட்டத்துக்குப் போகும்போது குடிலில் இறங்கவில்லை. திரும்பும்போதுதான் வந்தார். இளைத்திருந்தார். முற்றத்தில் மயிலை மாடு படுத்திருந்தது. அது இப்போது வண்டி இழுப்பதில்லை. உலகம்மையிடமே தங்கிவிட்டது.

"கூட்டம் எப்படி?" என்றார் உலகம்மை.

"இப்போது அளப்பது வேறொருவர். மிகவும் நேர்மையானவர்."

"அப்படியானால் கஷ்டம்தான்."

"வயல்நாட்டில் மாடுகளின் காலைக் கட்டிப் படுக்க வைக்கிறார்கள். துறைநாட்டில் வாயில் வேப்பங்குச்சியைத் திணித்து, அதை மெல்லுவதற்குப் பழக்கியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசைபோடுவது போலவே இருக்கும். குன்றநாட்டில் வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கின்றன. மழையில் நின்று உப்பெல்லாம் கரைந்துவிட்டது. மேட்டுநாட்டில் ஒரு பருவம் முழுக்க உப்பில்லாத கஞ்சி குடித்தார்கள்."

"முதல் இலை?"

"வயல்நாட்டுக்கு."

"ஓடைநாடு?"

திருமேனியார் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். "பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். மாடு தானாகப் படுத்து அசைபோட ஆரம்பித்ததும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு நாழிகைகூடக் கட்டி வைப்பதில்லை. அதனால் கணக்கில் எல்லோரையும்விடக் குறைவு."

"கடைசி."

"கடைசி. சாத்தப்பனின் மகள்தான் இப்போது தூதர். அவள்தான் இலை போட்டாள். அப்பாவைப் போலவே ஒவ்வொன்றையும் துடைத்து, தண்ணீர் தெளித்து. மலைக்கொழுந்து பழைய ஞாபகத்தில் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தார். பிறகு பேசாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

"நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்?"

"முதல் இலைக்குப் பக்கத்தில். பழைய அளவைக்காரன் என்று மரியாதை செய்து உட்கார வைத்தார்கள்."

உலகம்மை எழுந்து போய் மோர் கொண்டுவந்தார். ஒரு சட்டிதான். இப்போது இரண்டு தேவைப்படவில்லை. திருமேனியார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"அம்மா, இந்த ஆண்டு ஒரே ஒரு கேள்விதான். நாடுகளைப் பற்றி இல்லை."

"கேளுங்கள்."

"அன்றைக்கு அவர் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கை கழுவிவிட்டு வந்தேன். ஒரு வருஷமாவது உம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆசை, அதற்கு என்ன வழி என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. பிழையாகவும் சொல்லவில்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை."

மாட்டின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"அப்போது பந்தியில் வேறு யார் இருந்தார்கள்?"

"யாரும் இல்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்."

"அவருக்கு இந்தப் பக்கம்?"

"காலி."

"அந்தப் பக்கம்?"

"அதுவும் காலிதான் அம்மா. நீளப் பந்தி. அவர் ஒருவர்தான்."

"இடம் இருந்ததே" என்றார் உலகம்மை.